லட்ச ரூபாய் நந்தனார்

நம்ம காலேஜ் மெயின் கேட் பக்கத்துல போன மாசம் புது ஃப்ளெக்ஸ் வெச்சாங்க, பார்த்திருப்பீங்க. வரிசையா பாஸ்போர்ட் சைஸ் முகங்கள். முகத்துக்குக் கீழ பேர். பேரை விட ரெண்டு மடங்கு பெரிய எழுத்துல ஒரு எண். நாலரை லட்சம், ஆறு லட்சம், மூணு லட்சத்து அறுபதாயிரம். அதுல ஒரு முகம் என் ரூம்மேட். நாலு வருஷமா ஹாஸ்டல்ல அவன் எதுக்குப் பேர் போனவன்னா, கரன்ட் போனதும் மொட்டை மாடியில உக்காந்து கானா பாடுறதுக்கு. இப்ப ஜூனியர் பசங்க அவனை ஆறு லட்சம் அண்ணன்னுதான் சொல்றாங்க. ரெண்டே வாரத்துல பேர் மாறிப்போச்சு.

இதே மாதிரி ஒரு எண் ஒட்டிக்கிட்ட ஒரு பாடகியோட கதையைத்தான் இந்த இதழ்ல உங்களுக்குச் சொல்லப்போறேன். எண், 1 லட்சம். வருஷம், 1935. பாடகி, கே.பி. சுந்தராம்பாள்.

பழைய ஆளாச்சேன்னு ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. நானும் அப்படித்தான் இருந்தேன். போன செமஸ்டர்ல ஒரு கம்பெனி குரூப் டிஸ்கஷன் வெச்சாங்க. பாட்டுக் கச்சேரிகளால பொருளாதாரம் வளருமா என்பதுதான் தலைப்பு. நான் அதுக்கு முன்னாடி ஒரு வாரமா பிசினஸ் செய்தி ஆப் படிச்சுக்கிட்டு இருந்ததால பொளந்து கட்டினேன். டெய்லர் ஸ்விஃப்ட்டோட ஈராஸ் டூர் 149 கச்சேரி, டிக்கெட் வசூல் மட்டும் 200 கோடி டாலருக்கு மேல. 2023-ல அமெரிக்க மத்திய வங்கியோட பிலடெல்பியா கிளை தன் அறிக்கையில, அந்த ஊர் ஹோட்டல்கள் நிறைஞ்சதுக்கு அந்தக் கச்சேரிதான் காரணம்னு குறிப்பு எழுதுச்சு. பாப் டிலன் 2020-லயும் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 2021-லயும் தங்கள் பாட்டு உரிமைகளை மொத்தமா வித்தாங்க. எல்லாத்தையும் அடுக்கினேன். கடைசியில எதிர்ல இருந்த பொண்ணு, இவங்க பாட்டுல உனக்குப் பிடிச்சது எதுன்னு சும்மா கேட்டுச்சு. எனக்கு ஒண்ணுகூட தெரியல. ஒரு பாட்டுகூட முழுசா கேட்டதில்ல. வருமானம் தெரியும், குரல் தெரியாது.

அந்த வாரக் கடைசியில ஊருக்குப் போனேன். எங்க ஊர் கம்மாபுரம், விருத்தாசலத்துல இருந்து சேத்தியாத்தோப்பு போற ரோட்டுல இருக்கு. ஆயா திண்ணையில படுத்துக்கிட்டு என் தங்கச்சி ஃபோன்ல பாட்டு கேட்டுக்கிட்டு இருந்துச்சு. ஒரு பொம்பளைக் குரல். தெருமுனை வரைக்கும் கேக்குது, ஆனா கத்தல் இல்ல. ஃபோனை எடுத்துப் பார்த்தேன். அந்த வீடியோவோட முகப்புப் படத்துல மஞ்சள் எழுத்துல பெருசா, லட்ச ரூபாய் சம்பளம் வாங்கிய முதல் பாடகின்னு போட்டிருந்துச்சு. ஆயாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. அதனால அந்த லட்சம் ஆயாவுக்குத் தெரியவே தெரியாது. அறுபது வருஷமா கேக்குது, குரலை மட்டும்.

சரி, கதைக்கு வர்றேன்.

சுந்தராம்பாள் பிறந்தது 1908 அக்டோபரில், காவிரிக்கரையில் இருக்கும் கொடுமுடியில். அப்பா சின்ன வயசிலேயே இல்லை. அம்மா பாலாம்பாள் மூணு பிள்ளைகளை வெச்சுக்கிட்டு என்ன செய்யறதுன்னு தெரியாம, ஒரு நாள் பிள்ளைகளோட ஆத்துல இறங்கப் போய், அழுகைச் சத்தம் கேட்டுத் திரும்பி வந்ததாகச் சொல்லப்படுது. பிறகு கரூர் பக்கம் போய் வீட்டு வேலை செய்து காலம் தள்ளினாங்க. சின்னப் பொண்ணு ரயில் பெட்டியில பாடிக் காசு வாங்கினாள். ரயில்வே அதிகாரியும் நாடகப் பித்தருமான எஃப்.ஜி. நடேசய்யர் அந்தக் குரலைக் கேட்டு, வேலு நாயர் நாடகக் கம்பெனியில் சேர்த்துவிட்டார் என்பது அதிகம் சொல்லப்படும் கதை. வேறு விதமாகவும் சொல்பவர்கள் உண்டு. எது சரியானாலும், ஒன்று நிச்சயம்: பசிக்காகப் பாட ஆரம்பிச்ச பொண்ணு.

முதல்ல கிடைச்ச வேஷம் நல்லதங்காள் நாடகத்துல மூத்த பிள்ளை வேஷம்னு சொல்வாங்க. நல்லதங்காள் கதை உங்க வீட்டுலயும் யாராவது சொல்லியிருப்பாங்க. பஞ்சத்துல வழி தெரியாம ஏழு பிள்ளைகளையும் கிணத்துல போடும் தாய். அந்தப் பசிப் பாட்டை அந்தப் பொண்ணு மேடையில நின்னு பாடினபோது அதுக்கு நடிப்பு தேவைப்பட்டிருக்குமான்னு எனக்குச் சந்தேகம்.

அந்தக் காலத்துல ஸ்பெஷல் நாடகம்னு ஒண்ணு இருந்துச்சு. நிரந்தரக் கம்பெனி கிடையாது. ஒரு ஊர்ல ஒரு கான்ட்ராக்டர் கொட்டகை பிடிப்பார். ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து, ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்து வருவாங்க. ஒத்திகை இல்லாம அன்னைக்கு ராத்திரியே மேடை ஏறி விடிய விடிய பாடுவாங்க. சம்பளம் ராத்திரிக் கணக்கு. யார் பேரை நோட்டீஸ்ல பெருசா போட்டா கொட்டகை நிறையுதோ அவங்களுக்கு ரேட் ஏறும். இன்னைக்கு நாம மார்க்கெட் வேல்யூன்னு சொல்றோமே, அது அப்பவே இருந்துச்சு. ஆனா அதை எழுத ஒரு பத்திரிகை இல்ல. எகனாமிக் டைம்ஸ் தொடங்கினதே 1961-ல்தான்.

மைக் இல்லாத மேடைங்கறதையும் நினைச்சுப் பாருங்க. கடைசி வரிசையில மண் தரையில உக்காந்திருக்கறவனுக்கும் சொல் சொல்லா கேக்கணும். நான் இசிஇ என்பதால ஒரு சின்ன விஷயம் சொல்லிடறேன்: மனுஷக் காது ஏறத்தாழ 2000 ஹெர்ட்ஸிலிருந்து 5000 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் ரொம்பக் கூர்மையா கேக்கும். கூட்டத்தோட இரைச்சல் பெரும்பாலும் அதுக்குக் கீழ. உச்ச ஸ்தாயியில நின்னு மெய்யெழுத்தை அழுத்திப் பாடுற குரல், இரைச்சலைத் தாண்டிப் போயிடும். சுந்தராம்பாள் பாட்டுல ற, ழ, ட எல்லாம் தனித்தனியா விழுறதை கவனிங்க. அது பழக்கம் மட்டுமில்ல, தேவை.

சின்ன வயதிலேயே அவர் இலங்கைக்குப் போய் கொழும்பு மேடைகளில் நடித்தார். அங்கேதான் 1926-ல் எஸ்.ஜி. கிட்டப்பா வந்து சேர்ந்தார். செங்கோட்டைக்காரர், ரெண்டு வயசு பெரியவர், குரலுக்காக ஜனங்கள் அலைமோதிய ஆள். அவரோட ஜோடி சேர்ந்து பாடித் தாக்குப்பிடிக்க முடியாதுன்னு சிலர் பயமுறுத்தியிருக்காங்க. நடந்தது வேற. வள்ளி திருமணத்துல இவர் வள்ளி, அவர் முருகன். ரெண்டு பேரும் சேர்ந்தா கொட்டகை தாங்காதுன்னு ஆகிடுச்சு. 1927-ல் கல்யாணம். கிட்டப்பாவுக்கு ஏற்கனவே ஒரு மனைவி இருந்தார். சேர்ந்து வாழ்ந்த வருஷங்கள் கொஞ்சம், பிரிஞ்ச நாட்கள் அதிகம். பிறந்த குழந்தையும் சில நாளில் இறந்துபோச்சு. அந்த நாட்களில் அவர் கணவருக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் அச்சில் வந்திருக்கு. அதுல இருந்து ஒரு வரிகூட நான் இங்கே எடுத்துப் போடல. அது நமக்கு எழுதினது இல்ல.

1933 டிசம்பர் 2. கிட்டப்பா இறந்தார். வயது 27. சுந்தராம்பாளுக்கு 25. அன்னைக்கு உடுத்தின வெள்ளைச் சேலையை அவர் சாகும்வரை மாத்தவே இல்ல. இனி எந்த ஆணோடும் ஜோடியா நடிக்க மாட்டேன்னு முடிவெடுத்தார்.

இந்த இடத்துலதான் லட்சம் வருது. இதைக் கொஞ்சம் நிதானமா படிங்க.

தமிழ்ல பேசும்படம் வந்து, 1931-ல் காளிதாஸ் வெளியாகி, அப்போதான் நாலு வருஷம் ஆகப்போகுது. நாடக மேடையில யார் நல்லா பாடினாலும் சினிமாக்காரர்கள் தேடி வந்தாங்க. சுந்தராம்பாளின் இசைத்தட்டுகள் வீடு வீடாப் பாடிக்கிட்டிருந்த நேரம். ஹசன்தாஸ் என்ற தயாரிப்பாளர் நந்தனார் படம் எடுக்க நினைச்சு இவர்கிட்ட வந்தார். இவருக்கு நடிக்க இஷ்டமில்லை. மறுத்தார். அவர் விடவில்லை. நேரடியா முடியாதுன்னு சொல்றதுக்குப் பதிலா, கேட்ட உடனே ஆள் எழுந்து ஓடிடட்டும்னு ஒரு தொகையைச் சொன்னார். ஒரு லட்சம். ஹசன்தாஸ் சரின்னுட்டார்.

ஒரு பவுன் இருபத்திச் சொச்சம் ரூபாய்க்கு வித்த காலம் அது. கணக்குப் போட்டா ஏறத்தாழ 4000 பவுன். வயல்ல கூலி அணாக்கணக்கில். பல படங்களை மொத்தமா எடுத்து முடிக்கவே அவ்வளவு செலவாகாது. அதனால ஊரெல்லாம் இதே பேச்சு. அந்தப் பேச்சு 90 வருஷம் கழிச்சும் ஓயல, ஆயா கையில இருந்த ஃபோன்லயும் அதான் இருந்துச்சு.

இப்ப நீங்களே பாருங்க. அந்தத் தொகை அவர் கேட்ட விலை இல்ல. அது ஒரு மறுப்பு. முடியாதுங்கற சொல்லை ரூபாயில சொன்னது. அதைக் கேட்டவங்க எல்லாரும் அதை விலையா மட்டும்தான் படிச்சாங்க, இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான் படிக்கிறாங்க. பிசினஸ் செய்தி படிக்கும்போது எனக்கு இப்ப உறுத்துறது இதுதான். ஒரு பாடகரோட சம்பளம் ஏறினா, அவர் அதை விரும்பிக் கேட்டார், சந்தை கொடுத்துச்சுன்னு எழுதுவாங்க. அவர் வேண்டாம்னு சொல்ல முயற்சி செஞ்சிருப்பார்ங்கற சாத்தியமே அந்தச் செய்தியில இருக்காது. அதுக்கு அட்டவணையில கட்டம் கிடையாது.

(சொந்தக் கதை ஒண்ணு. எனக்குப் பிடிக்காத ஒரு மார்க்கெட்டிங் வேலை இன்டர்வியூவில எதிர்பார்க்கும் சம்பளம் என்னன்னு கேட்டாங்க. சீனியர் ஒருத்தர் சொல்லிக்கொடுத்தபடி பன்னிரண்டு லட்சம்னு சொன்னேன், அவங்களே அனுப்பிடுவாங்கன்னு. அனுப்பிட்டாங்க. எல்லாருக்கும் ஹசன்தாஸ் வாய்க்கறதில்ல.)

சொன்ன சொல் திரும்பாது. நடிச்சே ஆகணும். ஆனா ஆண் ஜோடி கூடாது. அதுக்கு அந்தக் கதையிலேயே வழி இருந்துச்சு: நந்தனாரா அவரே நடிச்சார். பெண் நந்தனார். நாடக மேடையில பெண்கள் ஆண் வேஷம் போடுறது அப்போ புதுசில்ல. சினிமாவில, குளோஸ்-அப்பில, அது சர்ச்சையாச்சு. அவருக்கு எதிரா வேதியர் வேஷத்துல நடிச்சவர் கர்நாடக இசையின் பெரிய வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். இயக்கம் மாணிக்லால் டாண்டன். படப்பிடிப்பு கல்கத்தாவில். டாண்டனோட அமெரிக்காவில சேர்ந்து சினிமா படிச்ச எல்லிஸ் ஆர். டங்கன் அந்தப் படப்பிடிப்பைப் பார்க்க வந்து, கையும் கொடுத்துட்டு, அப்படியே தமிழ் சினிமாவிலேயே தங்கிட்டார். எம்.ஜி.ஆரோட முதல் படமான சதிலீலாவதியை எடுத்தது அந்த டங்கன்தான்.

நந்தனார் யாருன்னு நம்ம பக்கத்துக்காரங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. ஆனா மத்த மாவட்ட நண்பர்களுக்காக: கொள்ளிடக்கரை ஆதனூரில் பிறந்த, சாதியின் பேரால் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட சிவபக்தர். பெரியபுராணத்துல வர்ற 63 நாயன்மார்ல ஒருத்தர். 19-ஆம் நூற்றாண்டுல கோபாலகிருஷ்ண பாரதி இவரைப் பத்தி இசை நாடகமா எழுதினப்போ, ஒரு நிலச்சுவான்தார் வேதியரைச் சேர்த்தார். பெரியபுராணத்துல அந்த ஆள் இல்ல. பண்ணையாள் நந்தன் சிதம்பரம் போக லீவு கேக்குறார். வேதியர் போடற நிபந்தனை: நாற்பது வேலி நிலத்தையும் ஒரே ராத்திரியில வேலை முடிச்சுட்டுப் போ. கதைப்படி சிவனோட பூதகணங்கள் வந்து முடிச்சுக் கொடுக்கும்.

ஒரு வேலி ஆறரை ஏக்கருக்கு மேல. நாற்பது வேலி, சுமார் 265 ஏக்கர். நான் இதை ஆயாகிட்ட சொன்னேன். ஆயா முப்பது வருஷம் நடவுக்குப் போன ஆள். பூதகணம் பத்தியெல்லாம் ஒண்ணும் கேக்கல. ஏக்கருக்குப் பத்து ஆள்னா எத்தனை பொம்பளைங்க ஆகுதுன்னு கேட்டுச்சு. 2650-ன்னேன். நாத்து பறிக்கறவங்களைச் சேர்க்கலியேன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கிச்சு.

இதை யோசிச்சுக்கிட்டே அடுத்த நாள் சிதம்பரம் போனேன். சேத்தியாத்தோப்பு, புவனகிரி தாண்டி பஸ் போற வழியெல்லாம் நடவு வயல். கூலியே இல்லாம, ஒரு நாள் லீவுக்கு நாற்பது வேலி கேக்கப்பட்ட ஒரு பண்ணையாளோட கதை. அந்த வேஷத்துக்குத்தான் ஒரு லட்சம். அந்த வேஷத்தைப் போட்டவர், ரயில்ல பாடிக் காசு வாங்கின ஒரு பொண்ணு. செய்தி எழுத இத்தனை இருந்தும் ஊர் பேசினது ஒரே ஒரு எண்ணைத்தான். சிதம்பரத்துல நந்தனார் பேர்ல ஒரு பள்ளிக்கூடம் இருக்கு, தெரியுமா? சுவாமி சகஜானந்தர் தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் படிக்கணும்னு 1910-களில் தொடங்கினது. படம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே, இந்த ஊர்ல நந்தனார்ங்கற பேர் கோயில் வாசல்ல நிக்கறதோட முடியாம, வகுப்பறைக்குள்ள போயிடுச்சு.

படம் வந்தது. ஆனந்த விகடன்ல கல்கி விமர்சனம் எழுதினார். அடின்னா அப்படி ஒரு அடி. படத்துல வர்ற பனைமரமும் எருமையும் ஆடும் நல்லா நடிச்சிருக்குங்கற மாதிரி எழுதிட்டார். மனுஷங்க யாரும் நடிக்கலன்னு அர்த்தம். எனக்கு இதுல கல்கி மேல கோபம் வரணும், ஆனா வரல. ஏன்னா அவர் படத்தைப் பார்த்துட்டுத் திட்டினார். பாட்டைக் கேட்டுட்டுப் பேசினார். 40 பாட்டுக்கு மேல இருந்த படம் அது, அதுல கிட்டத்தட்ட பாதி சுந்தராம்பாள் பாடினது. திட்டறதுக்காவது உக்காந்து கேட்டாகணும். நான் குரூப் டிஸ்கஷன்ல அடுக்கின எந்த எண்ணுக்கும் அந்தச் சிரமம் தேவைப்படல.

அந்த விமர்சனம் வந்த விகடனோட முதலாளி எஸ்.எஸ். வாசன். இந்தப் பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வருவார். 1942-ல் ஜெமினி சார்பா அவரே நந்தனார் எடுத்தார், இந்தத் தடவை தண்டபாணி தேசிகர் நந்தனாரா பாடினார். தேசிகர் பிற்பாடு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல இசை சொல்லிக்கொடுத்தார். 1941-ல் முதல் தமிழிசை மாநாடு நடந்ததும் அதே அண்ணாமலை நகர்லதான். தமிழ்ப் பாட்டுக்கு மேடையில இடம் வேணும்னு சண்டை நடந்த காலம் அது. சுந்தராம்பாள் அந்தச் சண்டைக்கு அறிக்கை எதுவும் விடத் தேவையே இல்ல. அவர் பாடினதே தமிழ்.

நந்தனாருக்கும் அடுத்த படத்துக்கும் நடுவுல என்ன செஞ்சார்? காங்கிரஸ் மேடைகளில் பாடினார். இது புதுசில்ல. நாடக மேடையிலேயே அவரும் கிட்டப்பாவும் கதைக்கு நடுவுல தேசியப் பாட்டு பாடுவாங்க, கிட்டப்பா கதர் கட்டுவார். 1937 தேர்தலில் காங்கிரஸுக்காக ஊர் ஊராப் போனார். தலைவர்கள் பேசறதுக்கு முன்னாடி இவர் பாட்டு, கூட்டம் சேரும். காந்தி கொடுமுடியில அவர் வீட்டுல சாப்பிட்டப்போ தங்கத் தட்டுல பரிமாறினதாவும், சாப்பாடு மட்டும்தானா, தட்டு இல்லையான்னு அவர் கேட்க, உடனே தட்டையும் கொடுத்துட்டதாவும் ஒரு கதை சொல்வாங்க. லட்ச ரூபாய்க் கதையைச் சொல்றவங்க பாதிப் பேர் இதைச் சொல்றதில்ல. 1950-களில் சென்னை மாகாண சட்ட மேலவை உறுப்பினரானார். சினிமாவிலிருந்து சட்டமன்றத்துக்குப் போன முதல் ஆட்களில் அவரும் ஒருத்தர். முதல்வர்களையெல்லாம் சினிமாவிலிருந்து எடுத்த மாநிலம் நம்மது. அந்த வரிசையோட தொடக்கத்துல ஒரு விதவைப் பாடகி நிக்கறதை யாரும் பெருசா பேசறதில்ல.

1940-ல் மணிமேகலை. அப்புறம் ரொம்ப நாள் இடைவெளி. பிறகு வாசன் வந்தார். ஆமா, பனைமரமும் எருமையும் நடிச்ச படம்னு எழுதின பத்திரிகையோட அதே வாசன். 1953-ல் ஜெமினியின் ஔவையார். கொத்தமங்கலம் சுப்பு இயக்கம், யானைப் படையெல்லாம் வெச்சு எடுத்த பிரம்மாண்டம். நடுவுல வெள்ளைச் சேலையும் திருநீறுமா சுந்தராம்பாள். வயசு 45-ஐ நெருங்குது. எங்க ஆயா போன்றவங்களுக்கு இன்னைக்கும் ஔவையார்னா இந்த முகம்தான். பாடப் புத்தகத்துல எந்தப் படம் போட்டாலும் சரி.

அவர் நடிச்ச படங்கள் மொத்தமே ஒரு டஜன் சொச்சம்தான். அந்த வேஷங்களை வரிசையா வெச்சுப் பார்த்தா ஒண்ணு புரியும். நந்தனார், மணிமேகலை, ஔவையார், பூம்புகாரில் (1964) கவுந்தி அடிகள், திருவிளையாடலில் (1965) மறுபடி ஔவையார், 1973-ல் காரைக்கால் அம்மையார். பக்தர், துறவி, கிழவி, பேயுரு எடுத்த அம்மையார். ஒருத்தருக்கும் பக்கத்துல ஜோடி இல்ல. 25 வயசுல எடுத்த முடிவு நாற்பது வருஷம் அவருக்கு வேஷம் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கு. இது சரியா தப்பான்னு சொல்ல நான் யாரு. ஒரு விதவை அப்படித்தான் இருக்கணும்னு ஊர் எதிர்பார்த்த காலம், அதையும் மறக்கக் கூடாது. ஆனா சினிமாவுல கதாநாயகியா இருக்க ஒரே வழிதான்னு இருந்த தொழில்ல, அந்த வழியில போகாமலே ஒரு பெண் நடுநாயகமா நின்னிருக்கார். அதுக்கு விலை பேசும் இடத்துல அவர் கை ஓங்கி இருந்ததும் ஒரு காரணம். அதனால லட்சத்தை நான் ஒரேயடியா தூக்கிப் போடல. அந்த எண் செய்தியா வந்ததாலதான் ஒரு பெண் அவ்வளவு வாங்க முடியும்னு பல பேருக்குத் தெரிஞ்சது. எண்ணைச் சொல்லுங்க. எண்ணோட நிறுத்திக்கிட்டாதான் பிரச்சனை.

விருதுகள் பின்னாடி வந்தன. 1966-ல் தமிழ் இசைச் சங்கத்தின் இசைப் பேரறிஞர். 1969-ல் வந்த துணைவன் படத்துல பாடினதுக்காக தேசிய விருது. சிறந்த பின்னணிப் பாடகிக்கான அந்த விருதை முதல்ல வாங்கினவர் பி. சுசீலா, அடுத்தது இவர்தான். வயது 60 தாண்டியாச்சு. 1970-ல் பத்மஸ்ரீ. சொந்த ஊர் கொடுமுடியில ஒரு சினிமா தியேட்டரும் கட்டினார். 1980 செப்டம்பரில் இறந்தார். 71 வயசு.

அந்தக் காலத்து இசைத்தட்டுல ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம் சொச்சம்தான் இடம். விடிய விடிய பாடினவங்க அந்த மூணு நிமிஷத்துக்குள்ள ஆலாபனையையும் பாட்டையும் அடக்கணும். நாம இன்னைக்கு கேக்குற சினிமாப் பாட்டோட நீளம் அங்கிருந்துதான் பழகினது. அந்தக் கிராமபோன் கம்பெனியோட வாரிசுதான் இப்ப சரிகம. பங்குச் சந்தையில இருக்கு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை பிசினஸ் பக்கத்துல அதோட லாபக் கணக்கு வரும், பழைய பாட்டுகளால வர்ற வருமானம் இவ்வளவுன்னு. அந்தச் செய்தியை நான் இப்பவும் படிக்கிறேன். பிளேஸ்மென்ட் இன்னும் முடியல. ஆனா படிக்கும்போது, பழைய பாட்டுகள்ங்கற அந்த ரெண்டு சொல்லுக்குள்ள கொட்டகையோட கடைசி வரிசை வரைக்கும் போன குரலும் இருக்கலாம்னு ஒரு நினைப்பு வருது.

கேக்கணும்னு தோணினா திருவிளையாடலில் இருந்து தொடங்குங்க. ஞானப்பழம் கிடைக்கலன்னு கோவிச்சுக்கிட்டு மலையேறின முருகனை ஔவை சமாதானப்படுத்துற இடம். ஹெட்போன் வேண்டாம், ஸ்பீக்கர்ல போட்டுட்டு, ரூம் கதவைத் திறந்து வெச்சுட்டு, காரிடார் கடைசி வரைக்கும் நடந்து போங்க. எங்க ஹாஸ்டல்ல நான் செஞ்சு பார்த்தேன். பதினெட்டாவது ரூம் வரைக்கும் சொல் சொல்லா கேட்டுச்சு. அங்கதான் ஆறு லட்சம் அண்ணன் இருக்கான். கதவைத் திறந்து, யாருடா இந்தப் பாட்டின்னு கேட்டான். சம்பளத்தைச் சொல்லாம பேரை மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் நின்னு கேட்டுட்டு, அந்த மேல் ஸ்தாயியை எட்டிப் பிடிக்கப் பார்த்தான். முடியல. இப்ப தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் முயற்சி பண்ணிக்கிட்டு இருக்கான், பக்கத்து ரூம்காரங்க எல்லாம் என்னைத்தான் திட்டறாங்க.